இளைத்துப்போன நீலக்கல்

நாங்கள் ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள். வடக்கே செம்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அண்ணன், மயில்கழுத்து நிறத்தில் ஒரு படிகக் கல் கொண்டுவந்து, அலமாரியில் அழகுக்கு வைக்கச் சொன்னார். எனக்கு மனசு கேட்காமல் சாமி மாடத்தில் வைத்தேன். வெள்ளிதோறும் கழுவி, அந்தத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றினேன்.

கல் வாராவாரம் இளைத்தது. துளசியும் கருகியது. தெய்வக் குத்தமோ என்று தூக்கமே பிடிக்கவில்லை. பரிகாரமாகக் கல்லுக்கு அபிஷேகம் செய்து, காய்ச்சலில் கிடந்த மகளுக்கு அந்தத் தீர்த்தத்தைக் கொடுக்கப் போனேன்.

பட்டு நூலோடு வந்த சாயக்காரர் டம்ளரைப் பிடுங்கினார்.

"இன்னாம்மா பண்ணிகினு இருக்கீங்க? இது மயில்துத்தம். தண்ணில கரைச்சி நாங்க சாயத்துல போடறது. வெசம்மா."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு எந்தக் கல் வந்தாலும், சாயக்காரர் பார்த்த பிறகுதான் சாமியே பார்க்கும்.