தொடையில் தெரிந்த தோப்புக்கரணம்

எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்த மாதம். எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க, செம்பூரில் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பரவியிருந்தால் ஆபரேஷன் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஊசி போட்டு, மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்க வைத்து, மெஷினுக்கு அடியில் படுக்க வைத்தார்கள். பிள்ளையாரப்பா என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். படம் எடுத்தவர் கால் பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் எடுத்தார். நானும் பிள்ளையாரப்பாவை இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

பிறகு டாக்டரம்மா என்னையும் என் வீட்டுக்காரியையும் கூப்பிட்டார். மாட்டுங்காக்காரர், தமிழ்தான். திரையில் நான் இருந்தேன். விலா, முதுகுத்தண்டு, விரல் கணு வரைக்கும். இத்தனை வருஷம் சுமந்து திரிந்ததை அன்றுதான் பார்க்கிறேன். என்னை அறியாமல் கும்பிட்டேன். ஆனால் இரண்டு தொடைச் சதையும் திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தது.

"கீழே விழுந்தேளா மாமா?"

"இல்லம்மா."

"பாரம் தூக்கினேளா? எக்சர்சைஸ்?"

"இந்த வயசுல எக்சர்சைஸாம்மா?"

என் வீட்டுக்காரி விடவில்லை. "ரெண்டு நாளா ஏணிப்படியில நண்டு மாதிரி எறங்குதாவ டாக்டரம்மா. கேட்டா வாயுப் பிடிப்புங்காவ."

வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. முந்தாநாள் விடியலில், அவள் குழாயடிக்குப் போன நேரம், சாமி படத்துக்கு முன்னால் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டதைச் சொன்னேன்.

"நூத்தியெட்டா!"

"எழுபதுக்கு மேல கணக்கு விட்டுப் போச்சும்மா. பிள்ளையார ஏமாத்தக் கூடாதுல்லா? திரும்ப ஒண்ணுலேருந்து போட்டேன்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பழக்கமில்லாம சதையைப் புண்ணாக்கிண்டிருக்கேள். ஊசியில போட்ட மருந்து அங்கேயும் போய் ஒட்டிண்டிருக்கு. எலும்புல பரவின அடையாளம் ஒண்ணும் இல்லை மாமா. சதைப் புண்ணுக்காக ரத்தம் மட்டும் இன்னிக்கே டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டுப் போங்கோ."

என் வீட்டுக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையாருக்கும் எனக்கும் மட்டும் தெரியச் செய்த காரியம். அதை ஒரு மெஷின் பார்த்துவிட்டதே! அப்படியென்றால் பிள்ளையார் எவ்வளவு பார்த்திருப்பார்?

தாராவிக்குத் திரும்பும் வழியில் பிள்ளையார் கோயிலில் இறங்கினோம். சாமியைக் கண்டதும் கை காதுக்குப் போயிற்று.

"கைய எறக்குங்க," என்று அவள் பிடித்துக்கொண்டாள். "இனி நான் போடுதேன்."

சேலையைச் செருகிக்கொண்டு, காதைப் பிடித்து, உட்கார்ந்து எழுந்தாள். பக்கத்தில் நின்று கணக்கு விடாமல் எண்ணினேன். மூன்றோடு போதும் என்றேன்.