பாதியில் எழுந்து போனவர்கள்

சென்னையில் ஓவியம் படிக்கும் எங்கள் மகள், பழைய டச்சு ஓவியம் ஒன்றை போனில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள். "அம்மா, இதுல என்ன தெரியுதுன்னு சொல்லு. கட்டுரை எழுதணும்." இருட்டுச் சுவர், வெள்ளைத் துணி விரித்த மேசை. பாதி உரித்த எலுமிச்சம்பழம், அதன் தோல் சுருளாகத் தொங்குகிறது. சிப்பிகள், கவிழ்ந்து கிடக்கும் வெள்ளிக் கிண்ணம், பச்சைக் கண்ணாடிக் குவளை. ஆள் ஒருவரும் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னையிலிருந்து வரும் மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் அந்தமானில், எங்கள் போர்ட் பிளேரில், எலுமிச்சை கண்ணில் படாது. "இப்படி உரிச்சுப் போட்டுட்டு எவ எழுந்து போனா? ஊறுகாயாவது போட்டிருக்கலாம்ல?"

ஸ்பீக்கரில் மகள் சிரித்தாள். "அரே அம்மா! அதுதான் வாழ்க்கை. பார்க்க அழகு, உள்ள புளிப்பு. கிண்ணம் கவிழ்ந்திருக்குன்னா எல்லாம் ஒருநாள் முடிஞ்சிடும்னு அர்த்தம்."

"நல்லா சொல்லிக் குடுக்கிறாங்க, போ!"

என் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கையிலேயே கிளம்பிட்டாக. கப்பல் வந்திருக்கும்."

ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் வேலை பார்த்தவர், அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவர் சொந்த ஊரான ராமநாதபுரத்தில் அவர் தம்பி எங்களுக்கென்று மாடியில் ஓர் அறை கட்டிவைத்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பிறந்ததே இங்கே, போர்ட் பிளேரின் லம்பா லைனில். இதை விட்டால் எனக்கு வேறு ஊர் தெரியாது. இவரோ போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குப் பயம்.

"அந்தக் குவளையைப் பெரிசாக்கிப் பாருங்கப்பா. வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு தெரியும்," என்றாள் மகள்.

விரலால் விரித்தார். குவளையின் வயிற்றில் நகத்தளவுக்கு ஒரு ஜன்னலின் பிம்பம் மின்னியது. படத்தில் வேறெங்கும் ஜன்னல் இல்லை. அதன் கதவு திறந்திருந்தது. மெயின்லேண்டுக்குக் கிளம்பினால் நாங்கள் முதலில் அடைப்பது ஜன்னலைத்தான். இல்லையென்றால் திரும்பி வருவதற்குள் மழை வீட்டுக்குள் குடியேறிவிடும்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "இல்ல புள்ள, தப்பாச் சொல்லிட்டேன். ஊருக்குப் போறவுக ஜன்னலத் தொறந்து போட்டுட்டா போவாக? வீட்டுலதான் இருக்காக."

"ஏங்க, அப்ப நாம?" கேட்டேவிட்டேன்.

"அந்த ரூம வாடகைக்கு விட்டுக்கடான்னு தம்பிகிட்ட போன வாரமே சொல்லிட்டேன். நீயா கேப்பன்னு பாத்தேன். கேக்கவே மாட்டேங்கிற."

ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாமல் வைத்திருந்த மனுஷனை நாலு வார்த்தை நறுக்கென்று திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.