மைக்கில் போன குரல்

எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஊருக்கே திரும்பிப் போய்விடுவது என்று அம்மா முடிவெடுத்திருந்தாள். சான்டா கிளாராவில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாமல் கழித்தவள். ஜூனில் பள்ளி மூடியதும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்ப, மதுரைக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டாள். அப்பா மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சான் ஃபிரான்சிஸ்கோ சந்தைக்குப் போகலாம் என்றார். நாலு கட்டுக் கீரையைக் காட்டி அம்மாவின் மனதை மாற்றிவிடலாம் என்று நம்பும் அளவுக்கு வெள்ளந்தி அவர்.

கடற்காற்று காதைப் பிய்த்தது. காபி வாங்கிவருகிறேன் என்று கூட்டத்துக்குள் போன அப்பா திரும்பவில்லை. போனையும் காரிலேயே விட்டிருந்தார். அம்மா பதறுகிற ரகம் இல்லை. தகவல் கூடாரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மைக்கோடு உட்கார்ந்திருந்த பெண்மணி, காணாமல் போனவரின் பெயரைக் கேட்டார்.

எனக்கு விடை தெரிந்த கேள்வி. “அப்பா” என்றேன் கம்பீரமாக. அவருக்கு வேறு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. எம்.எஸ்சி. கணிதம் படித்தவள்தான் அம்மா, ஆனாலும் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. மைக்கையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“என்னங்க, எங்க இருக்கீங்க? இன்ஃபர்மேஷன் டென்ட்கிட்ட நிக்கிறோம். சீக்கிரம் வாங்க, பாப்பாவுக்குக் குளிருது.”

முதலில் ஓடிவந்தவர் முள்ளங்கிக் கட்டோடு ஒரு அங்கிள். அடுத்தவர் குழந்தை உட்கார்ந்த ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றாமவர் வாயில் பாதி டோனட். கூப்பிட்டது தன் மனைவிதான் என்று மூவரும் விழுந்தடித்து வந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள். பின்னாலேயே அவர்களுடைய மனைவிமார் வந்து சேர்ந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரர இந்த ஓட்டம் ஓட வச்சது யாருங்க?” என்று சிரித்தார் முள்ளங்கி அங்கிளின் மனைவி.

“நான்தாங்க. எங்க வீட்டுக்காரரத் தேடினேன். நீங்க எந்த ஊரு?”

“திண்டுக்கல்.”

மதுரைக்காரிக்கு அது போதாதா? பேச்சு பிடித்துக்கொண்டது.

அப்பா ஆறிப்போன காபியோடு கடைசியில் வந்தார். குரல் அவருக்கும் கேட்டதாம். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வரிசையிலேயே நின்றுவிட்டாராம். நான் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, அப்பா ஈஸ் ஹியர். கேன் வீ கோ?”

“இருடி, பேசிட்டிருக்கேன்ல.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. தொலைந்த மனுஷன் கிடைத்திருக்கிறார், இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே.

வீடு திரும்பும்போது ஃப்ரீவேயில் அப்பா மெல்லக் கேட்டார். “அப்ப, அந்த ஜூன் டிக்கெட்?”

“அது கெடக்கு. அடுத்த சனிக்கிழமை அவங்க வீட்ல சாப்பாடு. ரசம் நான் கொண்டு வரேன்னு சொல்லிட்டேன். நீங்க வழியில தொலையாம கூட்டிட்டுப் போனா சரி.”

அப்பா சிரித்துக்கொண்டே ஓட்டினார். கண்ணைக்கூட ஒருமுறை துடைத்துக்கொண்டார். தொலைந்துபோனதற்கு அவரை யாருமே திட்டாதது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் அப்பா தொலைந்துபோனார், அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.