ஒரே பேரில் இரண்டு ஏல்சி

பாவறட்டி சாக்கோ மாப்பிள்ளைக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் த்ரேஸ்யா, பஞ்சாயத்து ஆபீஸுக்கு எதிரே வீட்டு முன்னறையில் டைப்பிங் கடை போட்டுக்கொண்டு, கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். இளையவள் ஏல்சியும் அதே லினக்ஸ் கம்ப்யூட்டரில்தான் தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளம் வந்த வருஷம் அவளை ஆறு கொண்டுபோயிற்று.

இருவரையும் பெற்ற அம்மச்சி மறியம் படுத்த படுக்கையானதும் ஒரே பிடிவாதம். "கண்ணடைக்கிறதுக்கு முன்னாடி ஏல்சி சத்தத்த ஒருதரம் கேக்கணும்."

ஏல்சி தானே பாடிப் பதிந்து, தன் பேரையே வைத்த பாட்டு ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் எந்த மூலையில் வைத்தாளோ! த்ரேஸ்யா கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, தேடச் சொல்லி ஃபைண்ட் என்று தட்டி, தங்கை பேரை மலையாளத்தில் கொடுத்தாள். அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்பதுபோல ஒன்றும் வரவில்லை.

மாமன் மகன் பவுலிக்குப் போன் போட்டாள்.

"எடீ, நீ மலையாளம் அடிக்கிற கீபோர்டு முறை புதுசு, அவளுது பழசு. அவ அடிச்ச 'ல்'லுக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். நமக்கு ஒரே பேரு, மெஷினுக்கு வேற ஆளு."

"பேய்க்கதை சொல்லாதடா!"

"அந்த எழுத்து எடத்துல நட்சத்திரம் போட்டுத் தேடு, அங்க எது இருந்தாலும் புடிச்சிரும். கிடைச்சா எனக்குப் போத்திறச்சிக் கறி வச்சுக் குடு, கஞ்சப்பிசினாறி."

நட்சத்திரம் போட்டாள். இரண்டு வரிகள் வந்தன. ஒரே இடம், ஒரே பேர். ஒன்று ஏல்சியின் எழுத்து, சரி. ஒரே எழுத்தில் இரண்டை மெஷின் ஓரிடத்தில் விடாது; மற்றது புது எழுத்தாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் முதல் தேடலிலேயே அகப்பட்டிருக்குமே! அப்போது இல்லாதது இப்போது எப்படி வந்தது?

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஆனாலும் தாய் அருகே கட்டிலில் காத்திருக்கிறாள். முதலாவதைத் திறந்தாள். பாட்டுத்தான். அம்மச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாவதைத் திறந்தாள். பாட்டில்லை. தண்ணீர் ஓடும் சத்தம். பிறகு, காதோரம் வாய் வைத்தாற்போல ஒரு குரல்: "அம்மச்சீ, வா."

கிழவி முகம் மலர்ந்தாள். "முன்ன பாடினது சின்னப்புள்ள. இதுதான் இப்போ இருக்கிற ஏல்சி." பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னாள்: "இதோ வந்துட்டேன் மோளே."

விளக்கு வைக்குமுன் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்ததும் அந்த இரண்டாவதை அழித்துவிட உட்கார்ந்தாள் த்ரேஸ்யா. தன் எழுத்தில் தேடினால் இப்போதும் ஒன்றும் வரவில்லை; நட்சத்திரம் போட்டால் இரண்டு வரிகளும் ஒவ்வொரு தரமும் இடம் மாறி வந்தன, எது எதுவென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தவறினால் பாட்டுப் போய்விடும். திறந்து கேட்டால்தான் தெரியும்.

இன்றுவரை அவள் திறக்கவில்லை. இந்தத் தடவை அது அக்காவை, "சேச்சீ, வா" என்று கூப்பிட்டுவிட்டால்?