இடப்பக்கம் திரும்பாதவர்

சிக்னலில் வண்டியை நிறுத்தியதும் பக்கத்து வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்க மாட்டார், முழங்காலைத்தான் பார்ப்பார். "அண்ணே, முட்டி ரொம்ப மடங்குது. ஃபுட்ரெஸ்ட்டை மாத்துங்க. இப்படியே ஓட்டினா அஞ்சு வருஷத்துல படியேற முடியாது." பச்சை விழுந்ததும் அந்த மனிதர் பறந்துவிடுவார். பயத்தில்தான்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடும் எண்ணைக் குறித்து வருவது இவர் வேலை. ஆள் ஆறடி இரண்டங்குலம். வண்டியோ குள்ளம். முட்டிகள் இரண்டும் கைப்பிடியை இடிக்க இடிக்கப் பதினாறு வருடம் ஊரைச் சுற்றியவர். அலுவலகத்தில் இவரை 'டிகிரி' என்பார்கள். படித்து வாங்கிய டிகிரி அல்ல. முட்டி மடங்குகிற டிகிரி. சட்டைப்பையில் பேனாவோடு ஒரு பாகைமானியும் இருக்கும்.

போன வருடம், இரண்டரை அங்குலம் தாழ்வான, உள்ளங்கை அகல ஃபுட்ரெஸ்ட் ஜோடி ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதைப் போட்டா சாஞ்சு திரும்பும்போது ரோட்டுல உரசும்."

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க மாட்டுங்க."

மாட்டியாயிற்று. பாதம் இறங்கிவிட்டதால் கியர் எட்டவில்லை, கியரை இறக்கினார்கள். அப்புறம் பிரேக்கை. வீட்டுக்கு வந்தவருக்கு இறங்க மனமில்லை. ஸ்டாண்ட் போட்டு, வாசலில் வண்டிமேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். சாப்பாட்டுத் தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். தட்டும் வரவில்லை, மனைவியும் வரவில்லை.

மறுநாள் தெருமுனையில் இடப்பக்கம் ஒடித்தபோது 'கிர்ர்' என்றது. தன் காலே தேய்ந்ததுபோல் துடித்துப்போனார். வலப்பக்கத் திருப்பங்கள் அகலம், சாயாமல் போய்விடலாம். இடப்பக்கம் எல்லாமே ஒடுங்கிய மூலைகள். மெல்லத் திரும்பினால் உரசாது என்று மெக்கானிக் சொன்னதை அவர் நம்பவில்லை. மூன்று முறை வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம் போய்ச் சேரலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. இடப்பக்கத்துத் தெரு மீட்டரைப் பார்க்க இரண்டு கிலோமீட்டர் சுற்றினார். மதியத்துக்குள் முடிந்த வேலை சாயங்காலம் வரை இழுத்தது. "ஆனா முட்டி வலிக்கல பாருங்க" என்பார்.

மனைவிக்கு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பதவி உயர்வுத் தேர்வு வந்தது. வயது வரம்புப்படி கடைசி வாய்ப்பு. ஒன்பதரைக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். "சொகுசா கொண்டுபோய் விடறேன்" என்று டிகிரி எட்டரைக்கே வண்டியை எடுத்தார். நடுவழியில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தது அவருடைய துறையேதான். வலம், வலம், மறுபடி வலம். ஒன்பது பத்துக்கு அவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கடந்து போனார்கள்.

"ஏங்க, அது நம்ம வீடுதானே?"

"ஆமா. இதோ, அடுத்த சுத்துல போயிடலாம்."

"அடுத்த சுத்தா? நான் என்ன ராட்டினத்துலயா ஏறியிருக்கேன்? இடப்பக்கம் திருப்புங்க!"

"உரசும்மா."

"உரசட்டும்! பதினோரு வருஷமா பின்னால குத்தவெச்சு வர்றேன். என் முட்டிய யாராவது அளந்தாங்களா?"

டிகிரி ஒருமுறை குனிந்து ஃபுட்ரெஸ்ட்டைப் பார்த்தார். ஆனால் திருப்பினார். நான்கு மூலை, நான்கு 'கிர்ர்'. மூன்றாவதில் பொறி பறந்தது. ஒவ்வொன்றுக்கும் "ஐயோ, ஐயோ" என்று இவர் அலறிய அலறலில் போக்குவரத்துக் காவலரே வழிவிட்டார். தேர்வு மையத்தின் வாயிற்கதவை இழுத்துச் சாத்தப் போன காவலாளியிடம், "சார், சார், ஒரு நிமிஷம்!" என்று கத்திக்கொண்டே மனைவி உள்ளே நுழைந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணி நேரம் டிகிரி எதிர்ச்சுவரோரம் நின்றார். வண்டியில் உட்காரவில்லை. தேர்வு முடிந்து மனைவி வெளியே வந்தார், விரலெல்லாம் மை.

"ஒண்ணு விடாம எழுதிட்டேன்."

டிகிரி தலையாட்டினார். இடது ஃபுட்ரெஸ்ட்டின் நுனி அரை விரல் தேய்ந்திருந்தது. அவர் கண் அங்கே போகவில்லை. இரண்டு முட்டிகளையும் முழுசாக மடக்கி, நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்தார். மனைவி கால் வைக்கும் பின்பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டைக் கையாலேயே விரித்து, கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார்.