ஆறாவது மாடித் துளை

பேய்க்கு ராத்திரி மட்டும்தான் டூட்டி என்று நினைப்பவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது. இது பட்டப்பகலில் நடந்தது. சென்ற ஆண்டு ஜூலை 20, ஞாயிறு மதியம். இடம் வைட்ஃபீல்டில் பதினோரு மாடி ஆபீஸ் கட்டடம். பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே இன்றும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். நடந்தது விவேக் நகர் தியோடருக்கு. பொய் சொல்ல வராத மனிதர். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சொன்னார், அதுதான் அவரை அன்று அங்கே கொண்டு போனது.

தியோடரின் தொழில், தீ பரவாமல் கட்டடங்களின் ஓட்டைகளை அடைப்பது. ஒவ்வொரு மாடியிலும் கேபிள்கள் ஏறிப் போக ஷாஃப்ட் என்று ஒரு குறுகிய அறை இருக்கும். அதன் தரையில், கேபிள் மேலே வர ஒரு துளை. கீழ்மாடியில் தீப்பிடித்தால் புகை முதலில் அந்தத் துளையைத்தான் தேடும். தீயில் எரியாத ராக்வூல் பலகையை அளவாக வெட்டிப் பொருத்தி, சுற்றிலும் சிவப்புப் பசை பூசி, செய்தவர் கையெழுத்தோடு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அப்படிச் செய்தால் புகை இரண்டு மணி நேரம் மேலே வராது.

இரண்டு வருடத்துக்கு முன், கட்டடத்தை ஒப்படைக்கிற கடைசி நாளில் ராக்வூல் லாரி டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். தியோடர், ஏதோ பெட்டியில் வந்த தெர்மோகோலை வெட்டி ஆறாவது மாடித் துளையில் செருகினார். மேலே சிவப்பைப் பூசினார். கையெழுத்தும் போட்டார். தெர்மோகோல் தீயின் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்காது என்பது அவருக்குத் தெரியாததா?

இப்போது அவர் மகள் சிந்துவுக்கு வேலை கிடைத்திருந்தது. அதே கட்டடம். அதே ஆறாவது மாடி. திங்கட்கிழமை சேர வேண்டும்.

மனைவி மௌரீன் கேசரி கிண்டினாள். தியோடர் தட்டைத் தள்ளி வைத்தார். போகாதே என்றால் ஏன் என்று மகள் கேட்பாள். எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு ராக்வூல் பலகைகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்டில் கிரண் சாவியோடு நின்றான். கட்டடத்தின் எலக்ட்ரீஷியன், அடுகோடிக்காரன், கட்டட வேலை நடந்த நாளிலிருந்தே பழக்கம். சாவியை நீட்டிய இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. மீதியை ஒரு கேபிள் உருளை எப்போதோ வாங்கிக்கொண்டது.

"அஞ்சுக்கும் ஆறுக்கும் இதே சாவிதாண்ணா. லிஃப்ட் ஆஃப். படில போங்க."

"நீ வரலியா?"

"இன்னும் ஊட்டா ஆகலண்ணா. சாப்ட்டு வரேன்."

2.20க்கு தியோடர் ஆறாவது மாடி ஷாஃப்டுக்குள் மண்டியிட்டார். கத்தியால் பசையைக் கீறித் தெர்மோகோலைப் பிடுங்கினார். அதன் அடிப்பக்கம் கரி அப்பியிருந்தது. இதுவரை தீயே பிடித்திராத கட்டடத்தில் கரி ஏது? நின்று யோசிக்க நேரமில்லை. குப்பையில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று கோணிக்குள் திணித்தார்.

துளை திறந்து கிடந்தது. ஒல்லியான ஆள் ஒருவன் நுழைந்து வரலாம். டார்ச் அடித்தார். கேபிள்கள், அவற்றைத் தாங்கும் இரும்பு ஏணி, அடியில் ஐந்தாவது மாடித் தரை. வேறொன்றும் இல்லை.

2.31. யாரோ இருமினார்கள்.

கீழேயிருந்து.

"யாருப்பா?"

மறுபடி இருமல். நெஞ்சைக் கிழிக்கிற இருமல். பிறகு, கரகரத்த ஒரு குரல்...

"அண்ணா..."

தியோடர் படியில் இறங்கி ஓடினார். ஐந்தாவது மாடி ஷாஃப்டைத் திறந்தார். யாரும் இல்லை. மின்பெட்டி மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தார். துளை வழியே மேல்மாடி வெளிச்சம் தெரிந்தது. கிரணுக்கு போன் போட்டார்.

"அஞ்சாவது மாடில யாராவது வேல செய்றாங்களா?"

"யாரும் இல்லண்ணா. நான் கேட்லதான் இருக்கேன். ஏன்?"

அப்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்.

டொக்... டொக்.

பலகையைக் கையால் தட்டுகிற சத்தம். ஆனால் தட்டுவதற்கு அங்கே பலகையே இல்லை. வெறும் துளை.

ஓடிப்போய்விடலாம் என்றுதான் தோன்றியது. கால் வாசலை நோக்கித் திரும்பியும்விட்டது. ஆனால் விடிந்தால் சிந்து இங்கே வந்து உட்காருவாள். துளையைத் திறந்து போட்டுவிட்டு எங்கே ஓடுவது? பெற்ற வயிறு மட்டுமா பதறும், அப்பனுக்கும் பதறும். மேலே ஏறினார். வாய் ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தது.

2.41. துளையின் ஓரங்களில் இரும்புப் பட்டி அடித்து, முதல் பலகையை இறக்கினார்.

"மூடாதீங்கண்ணா..."

இப்போது குரல் பலகைக்கு நேர் கீழே.

"நான் ஏறி வந்துட்டேன்... மூடாதீங்க..."

பலகை ஓர் அங்குலம் மேலே எழுந்தது.

தியோடர் முழங்காலை வைத்து அழுத்தினார்.

கீழேயிருந்து தள்ளியது.

அவர் அழுத்தினார். அழுதார். அழுதுகொண்டே இரண்டாவது பலகையை வைத்தார்.

"எம் பொண்ணு இருக்காப்பா... என்ன மன்னிச்சிடு..."

2.47. டொக்... டொக்... டொக். டொக்... டொக்.

பசையைப் பூசினார்.

டொக்... டொக்...

2.53.

நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது கிரண் சிரித்தான். "என்னண்ணா, பேய பாத்தவன் மாதிரி இருக்கீங்க?" தியோடர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். கோணியை வீட்டுப் பரண்மேல் ஏற்றி, அதைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தார். சிந்து வேலைக்குப் போனாள், வந்தாள். ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்கிழமை. ஐந்தாவது மாடி ஷாஃப்டில் மின்பெட்டி வெடித்துத் தீப்பிடித்தது.

அன்று சாயங்காலம் சிந்து முழுசாக வீட்டுக்கு வந்தாள். ஆறாவது மாடியில் இருந்த நூற்று நாற்பது பேரும் படியில் இறங்கித் தப்பித்திருந்தார்கள். அம்மா மடியில் படுத்துக்கொண்டுதான் அவள் அதைச் சொன்னாள்.

"ஷாஃப்டுக்குள்ள யாரோ தட்டுனாங்கப்பா. மூணு... அப்புறம் ரெண்டு. ஏதோ ரிப்பேர்னு நெனச்சோம். ரெண்டு நாப்பத்தேழுக்கு அலாரம் அடிச்சுது. அப்பவும் தட்டிட்டே இருந்தாங்க..."

செத்தது ஒரே ஒருவன். கிரண். மின்பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தவனுக்கும் கதவுக்கும் நடுவே தீ. அவனுக்கு இருந்த ஒரே வழி, கேபிள் ஏணியில் ஏறி ஆறாவது மாடித் துளைக்கு வருவது. வந்திருக்கிறான்.

ஸ்டிக்கரில் இருந்த கையெழுத்தைப் பார்த்துத் தீயணைப்பு அதிகாரிகள் தியோடரைக் கூப்பிட்டார்கள். ஜெயில்தான் என்று நினைத்துப் போனார். அவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்த அடைப்பு மட்டும் சரியாக இல்லையென்றால் ஆறாவது மாடியில் ஓர் உயிர் மிஞ்சியிருக்காது என்றார்கள். பிறகு பெயர்த்தெடுத்த பலகையைத் திருப்பிக் காட்டினார்கள். கரி படிந்த அடிப்பக்கத்தில் ஓர் இடது கை அச்சு இருந்தது. மோதிர விரல் பாதி.

பழைய தெர்மோகோலாக இருந்திருந்தால் கிரண் ஒரே குத்தில் உடைத்துக்கொண்டு மேலே வந்திருப்பான். புகையும் அவனோடு வந்திருக்கும். மகளுக்காக நன்றி சொல்வதா, அவனுக்காகத் தலையில் அடித்துக்கொள்வதா என்று தியோடருக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்றிரவு பரணிலிருந்து கோணியை இறக்கினார். தெர்மோகோலை விளக்கடியில் திருப்பிப் பிடித்தார். கரிக்கு நடுவே ஓர் இடது கை அச்சு. நான்கு விரல் முழுசாக, மோதிர விரல் பாதியாக.

அதை அவர் பிடுங்கிய நேரத்தில் கிரண் உயிரோடு கேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.