துடைத்து வைத்த இலை

நாலு வருடமாகக் கல்யாணப் பந்திகளில் பரிமாறுகிறேன். இந்த வேலையில் நான் மீறாத ஒன்று உண்டு. இலை முன்னால் உட்கார்ந்துவிட்ட ஒருவரை, யார் சொன்னாலும் எழுப்ப மாட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பாவே வந்து நின்றாலும் அடுத்த பந்திதான்.

போன ஆவணியில் எங்கள் தெருக்காரம்மா ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து, வெற்றிலைபாக்கோடு பத்திரிகை வைத்து அழைத்தார். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் மண்டபம். சமையல், பரிமாறல் எல்லாம் நான் வேலை செய்யும் அதே கேட்டரிங் ஆட்கள்தான். அன்று வேலைக்கு வரமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். யூனிஃபார்ம் சேலையும் தலைத்தொப்பியும் இல்லாமல், என்னிடம் இருக்கும் ஒரே பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு நாளாவது நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மற்றவர்கள் எனக்குப் பரிமாற வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

முகூர்த்தம் முடிந்து இரண்டாம் பந்தியில் இடம் கிடைத்தது. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். ஜாங்கிரி வைத்தார்கள். அப்போதுதான் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துவிட்டார். இரண்டு பேர் வரவில்லையாம், கை கொடுக்க வேண்டுமாம். நான் விருந்துக்கு வந்திருக்கிறேன் என்றேன். பின்னால் நின்றிருந்த தெருக்காரம்மா என் தோளைத் தட்டினார்.

“நம்ம ஊட்டுப் புள்ளதானுங்க இது” என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, என்னிடம், “எந்திரி சாமி, நீ அப்பறம் சாப்பிட்டுக்கலாம்” என்றார்.

வீட்டுப் பிள்ளையாம். அவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மணமேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அதற்குள் பழகிய கால், தானாக எழுந்துவிட்டது. அவர்களைவிட என் காலை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாம்பார் வாளியோடு திரும்பினால், என் இலையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குப் பின்னால் இடத்துக்குக் காத்து நின்றவர். “கொஞ்சம் கெட்டியா ஊத்துங்க” என்றார். ஊற்றினேன். தெருக்காரம்மா வரிசையாக எல்லோரையும் நன்றாகச் சாப்பிடச் சொல்லி உபசரித்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், கடைசி வரிசைக்குத் தண்ணீர் வரவில்லை என்றார்.

அந்த அம்மாள் ஜாங்கிரியைத் தொடவே இல்லை. இலையோடு சேர்த்து மடித்துவிட்டு எழுந்து போனார். அந்த இலையைச் சுருட்டி எடுத்ததும் நான்தான்.